ஹோஸ்டிங் வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

ராமேஸ்வரத்தில் லாட்ஜ், மண்டபத்தில் கருவாடு, கீழக்கரையில் தொதல் என்று யார் புதிதாக வெப்சைட் போட்டாலும், பத்து வருடம் முன்பு எல்லோரும் விழுந்த அதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். பாஸ்வேர்டைப் பத்திரமாக வை என்பதெல்லாம் தெரிந்த கதை, விட்டுவிடுவோம். சைட்டின் ஃபைல்களை வைக்க எடுக்கும் வாடகை இடம் ஹோஸ்டிங்; சைட்டின் முகவரிப் பெயர் டொமைன்.

டொமைன் யார் பேரில்?

இன்றும் எரிச்சலைக் கிளப்புவது இதுதான். ‘ஹோஸ்டிங் எடுத்தால் டொமைன் இலவசம்’ என்றதும், சைட் செய்துதரும் தம்பியிடம் பணத்தைக் கொடுத்து “நீயே வாங்கிப் போட்டுருப்பா” என்று விட்டுவிடுகிறார்கள். அவர் தன் மெயில், தன் செல் நம்பர் கொடுத்து வாங்குகிறார். ஏமாற்றும் எண்ணமெல்லாம் இல்லை; ஓடிபி கையிலேயே வருமே, அதற்காக.

ஒரு லாட்ஜில் அந்தத் தம்பி வளைகுடாவுக்கு வேலைக்குப் போனார், நம்பர் மாறியது. புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்கள் யாரும் திறக்காத பெட்டியில் குவிந்தன. ஆடி அமாவாசைக்குப் பத்து நாள் இருக்கும்போது சைட் நின்றது. ஓனர் கையில் பணம் கட்டிய ரசீது இருந்தது. டொமைன் விற்ற கம்பெனியான ரிஜிஸ்ட்ரார் கணக்கில் உரிமையாளர் தம்பிதான்.

டாட் காம் டொமைன் கெடு முடிந்த அன்றே பறிபோகாது. கம்பெனியைப் பொறுத்து 45 நாள் வரை புதுப்பிக்க விடுவார்கள். பிறகு 30 நாள் மீட்புக் காலம். கட்டணம் பல மடங்கு ஏறும். அதற்குப் பின் 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் மீட்கப் பெரும்பாலும் அந்தக் கணக்குக்குள் நுழைந்தாக வேண்டும்.

டொமைனை உங்கள் கணக்கில் வாங்குங்கள், ஹோஸ்டிங் வேறு கம்பெனியில் இருக்கட்டும். இரண்டையும் இணைக்க, டொமைன் கணக்கில் ஹோஸ்டிங் கம்பெனியைக் காட்டும் நேம்சர்வர் இரண்டு வரி மாற்றினால் போதும். கணக்குக்குக் கொடுக்கும் மெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் மெயிலும் நிற்கும். ஏற்கெனவே பிறர் பேரில் இருந்தால், இடமாற்றத்தைத் தடுக்கும் லாக்கை எடுக்கச் சொல்லி, மாற்றத்துக்கான ரகசியக் குறியீடான ஆத் கோடு வாங்கி மாற்றுங்கள். பதிந்து 60 நாள் ஆகாமல் வேறு கம்பெனிக்கு மாற்ற விடமாட்டார்கள்.

‘அன்லிமிடெட்’

இடம் அன்லிமிடெட், ஃபைல் எண்ணிக்கை அப்படியில்லை. விதிமுறைப் பக்கத்தில் ‘ஐனோட்’ என்று தேடிப் பாருங்கள், ஃபைல் எண்ணிக்கைக்கு அதுதான் பெயர். ஒவ்வொரு மெயிலும் ஒரு ஃபைல். சைட் செய்யப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருள் ஒரு போட்டோவிலிருந்து வெட்டிவைக்கும் சின்னப் படங்களும் தனித்தனி ஃபைல். ‘என்ட்ரி பிராசஸ் 20’ என்றால் ஒரே சமயத்தில் 20 பிஎச்பி (சைட்டை இயக்கும் நிரல்) வேலைதான் ஓடும். தை அமாவாசைக் கூட்டம் அறை தேடி வரும்போது வரம்பு தாண்டியதைச் சொல்லும் 508 பிழைதான் தெரியும்.

முதல் வருட விலை

அதை விடுங்கள். புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள், 18 சதவீத ஜிஎஸ்டியோடு.

பேக்கப்

கணக்கை முடக்கினால் கம்பெனி எடுத்துவைத்த பேக்கப்பும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறை டேட்டாபேஸையும் ஃபைல்களையும் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இறக்கிவையுங்கள்.

எஸ்எஸ்எல்

சைட்டுக்கும் பார்ப்பவருக்கும் நடுவே போகும் தகவலைப் பாதுகாக்கும் சான்றிதழ் இது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தருவது இலவசம். அதற்குத் தனியாகக் காசு கேட்டால் வேறு கம்பெனி பாருங்கள்.