சக்கர நாற்காலியில் பூங்காவுக்குச் செல்வோருக்கு

பூங்கா அலுவலகத்தை அழைத்து, "சக்கர நாற்காலியில் வரலாமா?" என்று மட்டும் கேட்டால், "தாராளமாக வரலாம்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். அதை நம்பிக் கிளம்பக் கூடாது. நுழைவாயிலில் சுழலும் தடுப்பு இருந்தால் மாற்று வழி எது, அது பூட்டியிருக்குமா, பாதை கான்கிரீட்டா சரளைக்கல்லா, நாற்காலி நுழையக்கூடிய கழிப்பறை எங்கே, அங்கு செல்லும் வழியில் படி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கழிப்பறைக்குள் நாற்காலியை முழுவதுமாகத் திருப்ப ஏறத்தாழ 150 செ.மீ. விட்டமுள்ள இடம் தேவை என்பதால், உள்ளளவையும் தயங்காமல் கேட்கலாம்.

தரையும் சரிவுமே அன்றைய நாளைத் தீர்மானிக்கின்றன. ஒரு மீட்டர் உயரத்துக்குப் பன்னிரண்டு மீட்டர் நீளம், அதாவது 1:12 என்பது சாய்தளங்களுக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. ஆனால் கையால் சக்கரத்தைத் தள்ளுபவருக்கு அதுவே நீண்டுகொண்டு போனால் தோள் தளர்ந்துவிடும், 1:20 சரிவுதான் இதமானது. பாதை பக்கவாட்டில் சரிந்திருந்தால் நாற்காலி தாழ்ந்த பக்கமே இழுக்கும், ஒரே கை ஓயாமல் உழைக்க நேரும். எனவே தெம்பிருக்கும்போதே மேட்டுப் பகுதிகளைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழி இறக்கமாக அமையும்படி சுற்றுங்கள். செங்குத்தான இறக்கத்தில், துணைக்கு வருபவர் தாழ்ந்த பக்கம் நின்று, நாற்காலியைப் பின்புறமாக மெல்ல இறக்குவதே பாதுகாப்பானது.

சரளையிலும் ஈரப் புல்லிலும் சிறிய முன்சக்கரங்கள் புதைந்துகொள்ளும். முன்னோக்கித் தள்ளப் போராடாமல் நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரங்கள் முதலில் செல்லும்படி பின்னோக்கி இழுத்தால் எளிதில் கடக்கலாம். மழை பெய்த மறுநாள் மண்பாதைகளைத் தவிர்த்துவிடுங்கள். காற்றடிக்கும் டயர்களில் காற்றுக் குறைந்தால் உருட்டுவது கடினமாகும். பேட்டரி நாற்காலியோ மேட்டிலும் மென்தரையிலும் வழக்கத்தைவிட விரைவாகச் சார்ஜ் இழக்கும்.

தண்டுவடக் காயமுள்ளவர்கள் வெயிலைக் கூடுதல் கவனத்துடன் அணுக வேண்டும். காயத்துக்குக் கீழே வியர்வை குறைவாகவோ இல்லாமலோ இருப்பதால் உடல் சூடு சட்டென்று ஏறக்கூடும். உணர்வற்ற தோல், வெயிலில் காய்ந்த உலோகப் பாகத்தில் பட்டுச் சுட்டாலும் தெரியாது. தண்ணீரும் நனைத்த துணியும் கையில் இருக்கட்டும். மலர்களில் மனம் லயித்திருந்தாலும், அழுத்தப் புண் வராதிருக்க, முன்னால் சாய்ந்தோ பக்கவாட்டில் நகர்ந்தோ அடிக்கடி உடல் பாரத்தை மாற்றுங்கள்.

வேர் தூக்கிய கல், பூட்டிக் கிடந்த கதவு போன்ற தடைகளை இடம் குறித்துப் படமெடுத்து, வெளியேறும் முன் நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள்.