தாத்தாவின் ஃபிலிம் கேமராவைப் பழுது பார்க்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பழைய கேமரா கைக்கு வந்ததும் எல்லோருடைய கையும் முதலில் போவது பின்மூடிக்குத்தான். அங்கேயே முதல் தவறு நடந்துவிடும். உள்ளே பாதி எடுத்த ஃபிலிம் இருந்தால், வெளிச்சம் பட்ட அந்த நொடியே பெரும்பாலான படங்கள் போய்விடும். 35 மி.மீ. கேமரா என்றால் ரீவைண்ட் குமிழை அம்புக்குறி காட்டும் பக்கம் மெல்லச் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றிக்கொண்டே போனால் உள்ளே ஒன்றுமில்லை. கொஞ்சம் சுற்றியதும் இறுகினால் ஃபிலிம் இருக்கிறது. அப்போது அடியில் உள்ள பொத்தானை அழுத்தி முழுக்க உள்ளே சுற்றிவிட்டுத் திறக்கலாம். சுற்ற மறுத்தால் பலம் காட்டாதீர்கள். பழைய ஃபிலிம் நொறுங்கும். முழு இருட்டில் திறப்பதே வழி.

கறுப்பு வெள்ளைச் சுருள் பல பத்தாண்டுகள் கழித்தும் உருவம் தருவதுண்டு. கோடாக்ரோம் என்ற வண்ண ஸ்லைடு ஃபிலிம் என்றால் கதை வேறு. அதற்குரிய கே-14 முறையில் கழுவித் தந்த கடைசி லேப், 2010 டிசம்பரோடு சுருள்களை வாங்குவதை நிறுத்திவிட்டது. இனி அதைக் கறுப்பு வெள்ளையாகத்தான் கழுவ முடியும்.

அடுத்த தவறு, கெடாத கேமராவைக் கெட்டது என்று முடிவு கட்டுவது. என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரியது, ஸ்க்ரூடிரைவர் வெளியே வருவதே இதனால்தான். ஃபோக்ட்லேண்டர் விட்டோ பி-யில் ஃபிலிம் போடாமல் லீவரை எத்தனை முறை இழுத்தாலும் ஷட்டர் (ஒளியை உள்ளே விட்டு மூடும் கதவு) ஏறாது, அதாவது அடுத்த படத்துக்குத் தயாராகாது. அதை ஏற்றுவது ஃபிலிமின் ஓட்டைகளில் சுழலும் பற்சக்கரம். கோடாக் ரெட்டினா 3சி-யில் படங்களின் எண்ணிக்கை இறங்குமுகமாக ஓடி, தீர்ந்ததும் பூட்டிக்கொள்ளும். எண்ணைத் திரும்ப ஏற்றினால் விடுபடும். கேனன் ஏஇ-1 பேட்டரி இல்லாமல் அசையாது. ஒலிம்பஸ் டிரிப் 35 வெளிச்சம் போதாத இடத்தில் சிவப்புக் கொடி காட்டிப் படமெடுக்க மறுக்கும். ரோலை 35-இல் ஷட்டரை ஏற்றாமல் லென்ஸை உள்ளே தள்ள முடியாது. சோர்க்கி-4 இதற்கு நேர்மாறு: நல்ல கேமராவை நாமே கெடுத்துவிடலாம். ஷட்டரை ஏற்றுவதற்கு முன் வேகக் குமிழைத் திருப்பினால் உள்ளே பழுதாகும். ஆகவே எதையும் கழற்றுமுன் அந்த மாடலின் கையேட்டைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலானவை இணையத்தில் கிடைக்கின்றன.

உண்மையிலேயே ஷட்டர் ஒட்டிக்கொண்டால்? எண்ணெய் விடத் தோன்றும். விடாதீர்கள். டபிள்யூடி-40 ஸ்ப்ரே பக்கமே போகாதீர்கள். லென்ஸுக்குள் இருக்கும் இலை ஷட்டரின் தகடுகள் உலர்ந்தே ஓட வேண்டியவை. ஒரு துளி எண்ணெய் பட்டாலும் ஈரக் காகிதங்கள் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு நொடி திறந்து மூட வேண்டிய ஷட்டர் இரண்டு நொடி இழுப்பதற்குக் காரணம் எண்ணெய்க் குறைவு அல்ல. மெதுவேகப் பற்சக்கரங்களில் பழைய மசகு காய்ந்து பிசினாகியிருப்பது. தேவை சுத்தம் செய்வது. லைட்டர் திரவத்தை மேலிருந்து ஊற்றுவதும் சரியான குறுக்குவழி அல்ல. அது பழைய மசகைக் கரைத்துத் தகடுகளின் மேல் கொண்டு சேர்க்கும். சில நாள் ஓடும், பிறகு மறுபடி ஒட்டும்.

ஸ்க்ரூக்களைப் பற்றிச் சுருக்கமாக: ஜப்பானியக் கேமராக்களின் கூட்டல்குறித் தலைகள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டவை. சாதாரண ஃபிலிப்ஸ் முனை வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும். சில பாகங்கள் இடப்புற மரையோடு (வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றும் திருகுப்புரி) இருக்கும், திறக்காவிட்டால் எதிர்ப்பக்கம் முயன்று பாருங்கள். ஃபோகஸ் வளையத்தின் மரைகள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தொடங்கும்; எதில் மாட்டினாலும் ஏறிவிடும். பிரியும் இடத்தைக் குறிக்காமல் கழற்றினால், திரும்ப மாட்டும்போது தூரத்துக் காட்சி கூர்மையாக விழாது.

எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் உள்ள முகம் பார்க்கும் கண்ணாடியின் பூச்சு அதன் முன்பரப்பிலேயே இருக்கிறது; துடைத்தால் கீறும், காற்று ஊதுவதோடு நிறுத்துங்கள். வெளிச்சம் புகாமல் ஒட்டியிருந்து, இப்போது தாராக உருகிய கறுப்பு நுரையை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த மரக்குச்சியால் எடுக்கலாம். ஆனால் ஷட்டர் திரை மீதோ பிளாஸ்டிக் ஃபோகஸ் திரை மீதோ சொட்டக் கூடாது. சூப்பர்-டகுமார் 50 மி.மீ. எஃப்/1.4 போன்ற சில லென்ஸ்கள் மஞ்சளாக இருந்தால் அது அழுக்கு அல்ல, தோரியம் கலந்த கண்ணாடி காலப்போக்கில் பழுத்தது. தேய்த்துப் பயனில்லை, புறஊதா ஒளியில் வைத்தால் வெளுக்கும்.

கேமராவில் உள்ள பழைய ஒளி மீட்டர்கள் பல 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்கு அமைந்தவை. அளவு பொருந்துகிறதே என்று 1.5 வோல்ட் ஆல்கலைனைப் போட்டால் அளவீடு தப்பும். ஜிங்க்-ஏர் பேட்டரி அதற்கு நெருக்கமானது. உள்ளேயே ஃப்ளாஷ் உள்ள கேமராவை அனுபவமில்லாமல் திறக்கவே வேண்டாம். பேட்டரியை எடுத்த பிறகும் அதன் கெபாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கக்கூடும்.

பழுது பார்த்து முடித்ததும் முதல் சுருளை ஏதேனும் விசேஷத்துக்கு எடுத்துப்போகாதீர்கள். வெவ்வேறு வேகங்களில் சும்மா எடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் வேகத்தையும் அபெர்ச்சரையும் (லென்ஸ் துளையின் அளவு) குறித்துக்கொள்ளுங்கள். கழுவி வந்ததும், ஓரத்திலிருந்து ஒளிக்கீற்று பரவியிருந்தால் பின்மூடி நுரையைச் சந்தேகியுங்கள். படத்துக்குப் படம் அதே இடத்தில் வெளிச்சப் புள்ளி இருந்தால் ஷட்டரின் துணித்திரையில் ஓட்டை. அதிவேகப் படங்களில் மட்டும் ஒரு பக்கம் இருண்டால் ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. கடைசியாகச் சொன்னதை வீட்டில் சரிசெய்ய முயலாதீர்கள். அந்த நெகட்டிவ்களோடு கேமராவைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.