பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன்: கார்டும் போர்டு கேமும் வாங்கி ஆட ஒரு வழிகாட்டி

கார்டு வாங்கக் கிளம்பும்முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: எதிரில் உட்காரப் போவது யார்? மேஜிக், போகிமான், யூ-கி-ஓ என்ற மூன்று கார்டு ஆட்டங்களும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்றின் கார்டு இன்னொன்றில் செல்லாது. உங்களோடு வாராவாரம் ஆட வரக்கூடியவர் எதை ஆடுகிறாரோ, அதையே நீங்களும் எடுப்பதுதான் சரி. படம் பிடித்திருக்கிறது என்று வேறொன்றை வாங்கினால் கார்டு அலமாரியில் தூங்கும்.

ஆட்டம் முடிவானதும் எந்த முறையில் ஆடுகிறார்கள் என்று கேளுங்கள். மேஜிக்கில் வழக்கமான டெக்குக்கு, அதாவது ஒருவர் ஆடக் கொண்டுவரும் கார்டுக் கட்டுக்கு, குறைந்தது 60 கார்டு; மற்ற கார்டுகளை ஆட வலு தரும் அடிப்படை நிலக் கார்டு தவிர ஒரே பெயரில் 4 வரை. மேஜிக்கின் இன்னொரு முறையான கமாண்டரில் சரியாக 100 கார்டு, அடிப்படை நிலம் தவிர எல்லாம் ஒவ்வொன்றுதான். போகிமானில் கூடவும் கூடாது, குறையவும் கூடாது: 60. யூ-கி-ஓவில் முதன்மை டெக் 40 முதல் 60 வரை, ஒரே கார்டு 3 வரை, தனியாக எக்ஸ்ட்ரா டெக் 15 வரை. இது தெரியாமல் வாங்கிய கார்டில் பாதி, அந்த மேசையில் ஆட அனுமதியே இல்லாததாக இருக்கும்.

முதல் கொள்முதல் ஆயத்த டெக்காக இருக்கட்டும். பெட்டியைப் பிரித்த அன்றே ஆடலாம். எந்தக் கார்டு எதற்கு என்பது ஆட ஆடப் புரியும். வீட்டில் வேறு யாரும் ஆடுவதில்லை என்றால் இரண்டு டெக் வாங்கி ஒன்றைப் புதியவர் கையில் கொடுங்கள். யூ-கி-ஓ ஆடுபவர்கள் ஸ்ட்ரக்சர் டெக் என்ற ஆயத்த டெக்கில் ஒன்றையே மூன்று பெட்டி வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பெட்டியிலும் முக்கியமான கார்டு பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும், டெக்கில் மூன்று வைக்கலாம் என்பதால்தான் அந்தக் கணக்கு.

அடுத்தது பூஸ்டர் பாக்கெட், அதாவது உள்ளே எந்தக் கார்டு என்று தெரியாமல் வாங்கும் சிறு உறை. பணம் கரைவது இங்கேதான். ஒரு தொகுப்பில் 60 அரிய கார்டு, பாக்கெட்டுக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். 36 பாக்கெட் உள்ள முழுப் பெட்டியைப் பிரித்தாலும் நீங்கள் தேடும் அந்த ஒரு கார்டு கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம்தான். அதிலேயே நான்கு வேண்டுமென்றால் சொல்லவே வேண்டாம். மிக அரிய வகைகள் சம வாய்ப்பில் வருவதும் இல்லை. ஆகவே டெக் கட்டுவதற்குக் கார்டு வேண்டுமென்றால் சிங்கிளாக, அதாவது அந்தக் கார்டை மட்டும் தனியாக, விலை கொடுத்து வாங்குங்கள். புதிய தொகுப்பு வெளியான முதல் சில நாட்களில் சிங்கிள் விலை உச்சத்தில் இருக்கும். ஆட்கள் பாக்கெட்டைப் பிரித்துக் கார்டைச் சந்தைக்குக் கொண்டுவரும்போது பெரும்பாலானவை இறங்கும். இரண்டு மூன்று வாரம் பொறுத்தால் லாபம்.

பாக்கெட்டே வாங்கக் கூடாது என்பதில்லை. பாக்கெட்டைப் பிரிப்பதையே ஆட்டமாக்கியது டிராஃப்ட். ஆளுக்கு 3 பாக்கெட், பொதுவாக 8 பேர் வட்டமாக உட்கார்வார்கள். ஒன்றைப் பிரித்து ஒரு கார்டை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தவரிடம் தள்ள வேண்டும். முதல் பாக்கெட் இடப்பக்கம், இரண்டாவது வலப்பக்கம், மூன்றாவது மறுபடி இடப்பக்கம். கடைசியில் கையில் சேர்ந்ததை வைத்து 40 கார்டு டெக்: மேஜிக்கில் 17 நிலம், 23 மற்றவை என்று தொடங்கினால் பெரும்பாலும் தவறாது. ஒரு மாலைப் பொழுது முழுக்க ஆட்டம், கார்டும் உங்களுக்கே. பாக்கெட்டுக்குக் கொடுக்கும் காசுக்கு இதைவிட நல்ல பயன் கிடையாது.

உதிரியாக விற்கும் பழைய போகிமான் பாக்கெட்டுகளில் மட்டும் கவனமாக இருங்கள். பழைய தொகுப்புகளில் பளபளக்கும் ஹோலோ கார்டு உள்ள பாக்கெட் சற்றுக் கனமாக இருக்கும். நுண்ணிய தராசில் நிறுத்துக் கனமானதை எடுத்துக்கொண்டு, லேசானதை மட்டும் விற்பவர்கள் உண்டு. மேலும் கீழும் உள்ள மடிப்புத் தையலில் பசை ஒழுகியிருந்தாலோ, வரிவரியான அழுத்தம் ஒரு இடத்தில் மட்டும் தட்டையாக இருந்தாலோ, பிரித்து ஒட்டியதாக இருக்கலாம்.

போலிக் கார்டைக் கண்டுபிடிக்க, அதே ஆட்டத்தின் சாதாரண அசல் கார்டு ஒன்றும் நகை பார்க்கும் 30 மடங்கு லென்ஸ் ஒன்றும் போதும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அசலில் படம் சிறுசிறு வண்ணப் புள்ளிகள் பூப்போல் கூடி உருவாகியிருக்கும். எழுத்தும் கரிய கோடும் மட்டும் புள்ளியில்லாமல் அழுத்தமான கறுப்பாக, விளிம்பு கூராக நிற்கும். ஸ்கேன் செய்து அச்சடித்த போலியில் எழுத்தே புள்ளிகளாகச் சிதறித் தெரியும். மேஜிக் கார்டின் பின்பக்கத்தில் இன்னொரு அடையாளம் உண்டு: ஐந்து வண்ண வட்டங்களில் பச்சை வட்டத்துக்குள் நான்கு சிவப்புப் புள்ளிகள் ‘எல்’ எழுத்துப் போல வளைந்து நிற்கும். லென்ஸில் இது தெளிவாகத் தெரியும். பெரும்பாலான போலிகள் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். கார்டை வளைத்துப் பார்க்கும் சோதனையைச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். அசலாக இருந்தால் உங்கள் கார்டுதான் கெடும்.

சிங்கிள் வாங்கும்போது நிலையைக் குறிக்கும் சொற்கள் விலையைத் தீர்மானிக்கின்றன. நியர் மிண்ட் என்றால் ஏறக்குறையப் புதிது. லைட்லி பிளேய்டு என்றால் விளிம்பில் லேசான வெண்மை. அதற்கும் கீழே மாடரேட்லி, ஹெவிலி, டேமேஜ்டு. ஸ்லீவ் என்ற பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஆடுவதற்கு லைட்லி பிளேய்டே தாராளம். அந்த வெண்மை ஸ்லீவுக்குள் கண்ணிலேயே படாது. மடிப்பு விழுந்ததை மட்டும் தவிருங்கள். கலைக்கும்போது விரலுக்குத் தட்டுப்பட்டு, அது எந்தக் கார்டு என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

இப்போது ஸ்லீவ். மேஜிக், போகிமான் கார்டு 63 × 88 மி.மீ.; ஸ்லீவ் 66 × 91. யூ-கி-ஓ கார்டு 59 × 86. அதற்கு ஜப்பானிய அளவு என்று விற்கும் 62 × 89. மாற்றி வாங்கினால் பெரிய கார்டு சின்ன ஸ்லீவில் மூலை மடங்கி நிற்கும், சின்னக் கார்டு பெரிய ஸ்லீவில் ஆடிக்கொண்டே இருக்கும். 60 கார்டு டெக்குக்கு 100 ஸ்லீவ் உள்ள பாக்கெட்டாக வாங்குங்கள். நடுவில் ஒன்று கிழிந்தால் அதே பாக்கெட்டிலிருந்து மாற்ற வேண்டும். ஒரே நிறுவனம், ஒரே நிறம் என்றாலும் வேறு தடவை அச்சானது சாயல் மாறும். அது பின்பக்கத்தைப் பார்த்தே அடையாளம் தெரியும் ‘குறியிட்ட கார்டு’ ஆகிவிடும், போட்டியில் தண்டனை உண்டு.

விலை உயர்ந்த கார்டுக்கு இரட்டை ஸ்லீவ். உள் ஸ்லீவ் 64 × 89, கார்டை இறுகப் பிடிக்கும். இதைத் தலைகீழாகப் போட வேண்டும்: கார்டின் தலைப்பக்கத்திலிருந்து கீழ்நோக்கி உள் ஸ்லீவை மாட்டினால் அதன் வாய் கார்டின் அடியில் வரும். பிறகு அடிப்பக்கம் முதலில் போகும்படி வெளி ஸ்லீவுக்குள் மெல்ல இறக்குங்கள். வெளி ஸ்லீவின் வாய் மேலே இருக்கும். இரண்டு வாயும் எதிரெதிர்ப் பக்கம் என்பதால் தூசியும் ஈரமும் நேராக உள்ளே போக வழியில்லை. உள்ளே காற்று அடைபட்டால் டெக் பஞ்சுபோல உப்பும். பத்துப் பத்தாக அடுக்கி, அடியிலிருந்து வாயை நோக்கி விரலால் நீவி விட்டு, ஓர் இரவு கனமான புத்தகத்தின் கீழே வையுங்கள்.

டெக் பெட்டி வாங்கும்போது தடிமன் கணக்கைப் பாருங்கள். ஒரு கார்டு சுமார் 0.3 மி.மீ.; 60 கார்டு 18 மி.மீ. உயரம். பக்கத்துக்கு 0.1 மி.மீ. ஸ்லீவ் போட்டால் அதே டெக் 30 மி.மீ. இரட்டை ஸ்லீவ் இன்னும் கூடும். ‘100 கார்டு கொள்ளும்’ என்று பெட்டியில் போட்டிருந்தால் ஸ்லீவோடா, இல்லாமலா, இரட்டை ஸ்லீவோடா என்று கேட்டு வாங்குங்கள்.

பளபளப்புப் படலம் ஒட்டிய ஃபாயில் கார்டு வளைவதற்குக் காரணம் ஈரம். காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரியும். மேலே ஒட்டிய படலம் விரியாது. ஈரம் கூடினால் கார்டு படத்தின் பக்கமாகக் கிண்ணம்போல் குழியும். வறண்டால் எதிர்ப்பக்கம் வளையும். அழுத்தி வைத்தால் தற்காலிகமாக நிமிரும், காற்றில் வைத்ததும் மறுபடி வளையும். காற்றுப் புகாத டப்பாவில், 45 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைப்பதுதான் வழி. சிலிக்கா ஜெல்லை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். அளவுக்கு மீறி வறண்டு எதிர்ப்பக்கம் வளையும். சின்ன ஈரமானி ஒன்றை டப்பாவுக்குள் போட்டு வைத்தால் ஊகத்துக்கு வேலையில்லை.

சேர்த்து வைக்கும் பைண்டரில் வளையம் உள்ளதைத் தவிர்க்கலாம். ஓரக் கார்டின்மேல் வளையம் அழுந்தி அரைவட்டத் தழும்பு விழும். பக்கவாட்டில் நுழைக்கும் உறை, பாலிபுரொப்பிலீன் தாள் என்று பார்த்து வாங்குங்கள். பி.வி.சி. தாளில் சேர்க்கும் மென்மையூட்டி நாளாவட்டத்தில் கசிந்து கார்டில் ஒட்டிக்கொள்ளும். தபாலில் அனுப்ப வேண்டுமென்றால் முதலில் மெல்லிய பென்னி ஸ்லீவ், அதன்மேல் டாப்லோடர் என்ற விறைப்பான பிளாஸ்டிக் உறை. வெறும் கார்டை டாப்லோடரில் தள்ளினால் விளிம்பு உராயும்.

டெக் கட்டும்போது கணக்கு கை கொடுக்கும். 60 கார்டில் 4 வைத்த ஒரு கார்டு, முதல் 7 கார்டுக் கையில் வரும் வாய்ப்பு 40 சதவீதம். யூ-கி-ஓவில் 40-இல் 3, முதல் கை 5 என்றால் 34 சதவீதம். டெக்கை 40-இலேயே நிறுத்தப் பார்ப்பது இதனால்தான். கார்டு கூடக்கூட வேண்டியது வரும் வாய்ப்பு குறையும். போகிமானில் முதல் கையில், நேரடியாக ஆட்டத்தில் இறக்கக்கூடிய அடிப்படைப் போகிமான் ஒன்றுகூட இல்லையென்றால் கையைக் காட்டி மறுபடி கலைக்க வேண்டும், எதிராளிக்கு ஒரு கார்டு கூடுதலாகக் கிடைக்கலாம். அடிப்படைப் போகிமான் 8 மட்டும் வைத்தால் 35 சதவீதம் இப்படி ஆகும். 12 வைத்தால் 19. புதியவர்கள் ‘எனக்கு மட்டும் கார்டே வரமாட்டேன்கிறது’ என்று நொந்துகொள்வதில் பெரும்பகுதி இந்த எண்ணிக்கைப் பிழைதான்.

கலைப்பது எப்படி என்பதும் முக்கியம். டெக்கைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதியின் விளிம்பை மற்றதன் பக்கவாட்டில் மெல்லத் தள்ளி நுழையுங்கள். ஏழு எட்டு முறை செய்தால் நன்றாகக் கலையும். மேசையில் குவியல் குவியலாகப் போடுவது கலைப்பது ஆகாது, கார்டை எண்ண மட்டுமே உதவும்.

போர்டு கேமுக்கு வருவோம். பெட்டியில் போட்டிருக்கும் ஆள் எண்ணிக்கையை நம்பி மட்டும் வாங்காதீர்கள். உங்கள் வீட்டில் வழக்கமாகக் கூடுவது இரண்டு பேரா, ஐந்து பேரா? 1995-இல் வந்த கட்டான் அடிப்படைப் பெட்டி 3 அல்லது 4 பேருக்குத்தான். 5, 6 பேருக்குத் தனியே கூடுதல் பெட்டி வாங்க வேண்டும். கார்கசோன் 2 முதல் 5 பேர். இரண்டு பேர் ஆடினாலும் நன்றாக இருக்கும். தோற்றால் முகம் சுளிக்கிறவர்கள் இருந்தால் பாண்டமிக் போல எல்லாரும் சேர்ந்து ஆட்டத்தையே எதிர்த்து ஆடும் வகை நல்லது. அதில் ஒருவரே எல்லாருக்கும் உத்தரவு போடத் தொடங்கினால் சுவை போய்விடும். யார் முறையோ கடைசி முடிவும் அவருடையதே என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். போர்டுகேம்கீக் தளத்தில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 1 முதல் 5 வரை கடின அளவு உண்டு. 2-ஐ ஒட்டியதில் தொடங்கலாம்.

பழைய பெட்டி வாங்கினால் விதிப் புத்தகத்தில் உள்ள பொருள் பட்டியலை வைத்து எண்ணுங்கள். எண்ணும்போது எது ஈடுகட்ட முடியாததோ அதை முதலில்: கார்டுகள், அச்சிட்ட டைல்கள், வரைபடப் பலகை. பகடை, மரக் கட்டை, காய் தொலைந்திருந்தால் வேறு கிடைக்கும். பெட்டியைத் திறந்து முகர்ந்தும் பாருங்கள். பூசண வாடை வந்தால் விட்டுவிடுங்கள், அலமாரியில் உள்ள மற்ற பெட்டிகளுக்கும் பரவும்.

விருந்தினர் வந்த பிறகு விதிப் புத்தகத்தைப் பிரிக்கக் கூடாது. முந்தின நாளே பலகையை விரித்து, இரண்டு பக்கத்துக்கும் நீங்களே நான்கு சுற்று ஆடிப் பாருங்கள். எங்கே தடுக்குகிறது என்று தெரிந்துவிடும். சொல்லிக் கொடுக்கும்போது வரிசை இது: எப்படி ஜெயிப்பது, ஆட்டம் எப்போது முடியும், ஒருவர் முறையில் என்னென்ன செய்யலாம். விதிவிலக்குகள் வரும்போது சொல்லிக்கொள்ளலாம். உதாரணமாகக் கட்டானில், ‘10 புள்ளி முதலில் எடுத்தவர் வெற்றி. பகடை போடு, கிடைத்ததை எடு, பண்டம் மாற்று, கட்டு’ என்று தொடங்குங்கள். விழும் எண்ணுக்கு உரிய நிலமே பண்டம் தரும் என்பதால், அடுத்து இரண்டு பகடையில் 36 சேர்க்கை உள்ளதையும், 6-க்கும் 8-க்கும் ஐந்தைந்து, 2-க்கும் 12-க்கும் ஒவ்வொன்றுதான் என்பதையும் சொல்லுங்கள். முதல் வீட்டை எங்கே வைப்பது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். 7 விழுந்தால் திருடன் வரும் கதை, 7 விழும்போது போதும். முதல் சுற்றைக் கார்டைத் திறந்து வைத்தே ஆடுங்கள்.

முடிந்ததும் ஒவ்வொருவர் நிறத்தையும் தனித்தனி ஜிப் பையில் போடுங்கள். அடுத்த முறை பிரித்து அடுக்கும் வேலை பாதியாகும். கார்டுக்கு ரப்பர் பேண்ட் போடாதீர்கள், விளிம்பு பள்ளமாகும், வெயிலில் இளகி ஒட்டும். பெட்டியை மூடுவதற்கு முன் மேசைக்கடியில் ஒரு முறை குனிந்து பாருங்கள்.