பராமரிப்பு உதவித்தொகை மறுக்கப்பட்டால் செய்யக்கூடாத தவறுகள்

காசிமேட்டில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக மருத்துவக் குழு முன் போன அன்று, விடியற்காலையிலேயே அவரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, வெள்ளைச் சட்டை மாட்டிக் கூட்டிப்போனார் அவர் மனைவி. "எப்படிப்பா இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்க, "நல்லா இருக்கேன் சார்" என்றார் பெரியவர். சான்றிதழில் 60 சதவீதம் விழுந்தது. கடும் பாதிப்புக்கான மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு 75 சதவீதம் வேண்டும். மனு தள்ளுபடி.

நான் பார்த்தவரை பெரிய தவறு இதுதான். குளிப்பாட்டியதில் குற்றமே இல்லை. அதற்கு எத்தனை பேர், எவ்வளவு நேரம் தேவைப்பட்டது என்று சொல்லாமல் விட்டதுதான் குற்றம். நம் வீட்டில் ராத்திரி நடப்பது மருத்துவக் குழுவுக்குத் தெரியாது. எத்தனை முறை புரட்டிப் படுக்கவைக்கிறீர்கள், சோறு ஊட்டுவது யார், கழிவறைக்கு எப்படித் தூக்கிப்போகிறீர்கள் என்று ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, பிசியோதெரபி சீட்டு எல்லாம் சேருங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருகிறவர்கள் எழுதித் தந்த குறிப்பும் சாட்சிதான். பலர் அதைத் தொலைத்துவிடுகிறார்கள்.

"உங்களுக்குக் கிடைக்காதும்மா" என்று கவுண்டரில் சொன்னதும் திரும்பி வந்துவிடாதீர்கள். வாய்வார்த்தை உத்தரவு ஆகாது. காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள்; 30 நாளில் பதில் தர வேண்டும்.

எதை எதிர்க்கிறோம் என்று பார்க்காமல் ஒரே மனுவை எல்லா இடத்திலும் கொடுப்பதும் வீண் அலைச்சல். சதவீதம் குறைவு என்றால் சிக்கல் சான்றிதழில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 59 அதற்கு மேல்முறையீட்டு உரிமை தருகிறது. சதவீதம் சரியாக இருந்தும் பணம் மறுக்கப்பட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் பாருங்கள். அப்புறம் சென்னை ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் மனு. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

புரோக்கருக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். மாற்றுத்திறனாளிக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்ட உதவி இலவசம், 15100-க்கு அழைக்கலாம்.

மறுபடி போனபோது அந்தம்மா கையில் நாற்பது பக்க நோட்டு இருந்தது. "ராத்திரி 1.10 புரட்டினேன். 3.40 துணி மாத்தினேன்." டாக்டர் முதலில் படித்தது அந்தப் பக்கத்தைத்தான்.