வேலைக்குக் காத்திருக்கும்போது பிள்ளை பற்றி முடிவெடுப்பது எப்படி

நான் எம்.எஸ்சி., பி.எட். கல்யாணமாகி முக்கூடலுக்கு வந்து நாலு வருஷமாக வேலை இல்லை. "வேலை கிடைக்கட்டும், அப்புறம் பிள்ளை" என்று நானும் வீட்டுக்காரரும் தள்ளிப்போட்டோம். அத்தையோ பீடி சுற்றிக்கொண்டே, "சும்மாதானட்டி இருக்க, இப்பமே ஒண்ணப் பெத்துக்கோ" என்பார்கள். பிள்ளையையும் வேலையையும் இப்படி ஒரே முடிச்சாகப் போட்டால் இரண்டும் நகராது.

முடிச்சை அவிழ்க்க, காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். "வேலை கிடைக்காமலே போனால் நமக்குப் பிள்ளை வேண்டுமா?" இதற்கு இருவரும் தனித்தனியே பதில் எழுதி, மாற்றிப் படியுங்கள். நான் "வேண்டும், ஆனால் பயமாக இருக்கு" என்று எழுதியிருந்தேன். அவர் தாளில், "உன் படிப்பு வீணாகிவிடுமோ." நாலு வருஷத்தில் அவர் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை அது. அன்று இரண்டு பேரும் அழுதோம்.

அடுத்து செலவு. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குக் கட்டணம் இல்லை. தகுதி இருந்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில், ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய் வரை உதவி உண்டு. கர்ப்பம் தெரிந்ததும் கிராம செவிலியரிடம் பதிந்துவிடுங்கள்.

வேலைப் பக்கம் ஒரு கணக்கு முக்கியம். தனியார் வேலை என்றால், பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால்தான் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு. முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம். வேலை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் இதை வைத்து மாதத்தை எண்ணுங்கள். ஒரு பள்ளி நேர்காணலில் என்னிடம், "எப்போ விசேஷம்?" என்றே கேட்டார்கள். பதில் தெரியாமல் நின்றேன். "அது எங்கள் குடும்ப விஷயம், பாடம் நடத்த அதனால் தடை வராது" என்று வீட்டிலேயே சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள்.

காத்திருப்பதென்றால் தேதி போட்டுக் காத்திருங்கள். நாங்கள் தை மாதம் என்று எழுதினோம். வேலை வந்தாலும் வராவிட்டாலும் அதற்கு மேல் தள்ளுவதில்லை. முப்பதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தேதி போடுவது நல்லது.

கடைசியாக, பிள்ளையை யார் பார்ப்பது? இதை மணிக்கணக்காக எழுதாவிட்டால் பிள்ளை பிறந்தபின் வேலை தேடவே நேரம் இருக்காது. மாமியாரிடம் இந்தப் பேச்சை வீட்டுக்காரரே எடுக்கட்டும். இவர் சொன்ன அன்று அத்தை மடியில் இருந்த பீடி சுற்றும் சொளவை (முறத்தை) இறக்கி வைத்துவிட்டு, "நான் பாத்துக்கிடுதேன், பீடிக்கடைக்குப் போற நேரந்தான் முடியாது" என்றார்கள். அந்த நேரத்தை இவர் பெயருக்கு எழுதினோம். பீடித்தூள் பிள்ளை பக்கம் வரக்கூடாது, சொளவு இனி திண்ணையில்தான் என்பதையும் சேர்த்து.