"வயசுதான் காரணம்" என்று எழுதும் முன்

பயிற்சிக்கு வரும் இளம் கண் மருத்துவர்களின் கேஸ் ஷீட்டைப் புரட்டினால் என் பழைய கையெழுத்தைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பா விரியும்வரை காத்திருக்காத அவசரமெல்லாம் ஒரு வாரத்தில் தானே போய்விடும். அவற்றை விடுவோம். வயதானவர்களின் கண் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும்போது வரும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

மெலிந்த கோராய்டைப் பார்த்துப் பதறுவது

கண்ணுக்கு வரும் ரத்தத்தில் பெரும்பகுதி விழித்திரைக்குப் பின்னால் உள்ள ரத்தக்குழாய்ப் படலமான கோராய்டில்தான் ஓடுகிறது. வயது ஏற ஏற அது மெலியும். கிட்டப்பார்வை இருந்தால் இன்னும் மெலியும். 80 வயதுக்காரரின் ஸ்கேனை 20 வயது அளவோடு ஒப்பிடாதீர்கள்.

ஓசிடி ஆஞ்சியோவில் (விழித்திரை ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) ரத்தக்குழாய்கள் குறைவாகத் தெரிவது

முதலில் கண்புரை இருக்கிறதா பாருங்கள். புரை படத்தை மங்கலாக்கினாலும் குழாய்கள் குறைவாகத்தான் தெரியும்.

"கொஞ்ச நேரம் இருட்டுச்சு, அப்புறம் சரியாயிடுச்சு"

எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், நெற்றியிலிருந்து கன்னம் வரை கையை மெல்ல இறக்கிக் காட்டினார். வலக்கண்ணில் திரை விழுந்ததுபோல் ஐந்து நிமிடம் இருட்டாம். என்னிடம் வந்தபோது பார்வை 6/6, அதாவது இயல்பு. விழித்திரையும் சுத்தம். "வயது காரணமான ரத்த ஓட்டக் குறைவு" என்று எழுதி, அடுத்த மாதம் வரச் சொன்னேன். நான்காம் நாளே கூட்டிவந்தார்கள். விழித்திரை வெளிறி, நடுவில் செர்ரிப் பழம்போல் ஒரு சிவப்புப் புள்ளி. விழித்திரைக்கு ரத்தம் கொண்டுவரும் மையத் தமனி அடைத்திருந்தது. கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்பிலிருந்து உதிர்ந்த துணுக்கு. முதல்முறை தானாக நகர்ந்துவிட்டது, இந்தமுறை நகரவில்லை. ரத்தம் நின்றால் விழித்திரை சில மணி நேரம்கூடத் தாங்காது.

போன வாரம் ஒரு ஷீட்டில் அதே வாக்கியம். எரிச்சலில் ஃபைலை மூடிவைத்துவிட்டேன். முதுமை ரத்தக்குழாயை மெல்லத்தான் இறுக்கும். ஐந்து நிமிடத்துக்குத் திரை போட்டு விலக்காது. இப்படி வந்து போகும் இருட்டு பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பு. அன்றே பக்கவாதப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்.

"ஒரு கண்ணை மூடிப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். இரு கண்ணிலும் வலப்பாதி மறைந்தால்கூட "வலக்கண்" என்றுதான் சொல்வார்கள். அங்கே கோளாறு மூளையில். 50 வயதைத் தாண்டியவரிடம், மெல்லும்போது தாடை வலிக்கிறதா, தலை வாரும்போது உச்சி நோகிறதா என்றும் கேளுங்கள். ஆமாம் என்றால் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈஎஸ்ஆர், சிஆர்பி உடனே. தமனி அழற்சி என்று சந்தேகம் வலுத்தால் பயாப்ஸி (தமனியில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) முடிவுக்காக ஸ்டீராய்டைத் தள்ளிப்போடக் கூடாது.

கண் அழுத்தத்தை மட்டும் அளப்பது

ரத்த அழுத்தத்துக்கும் கண் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் ரத்தத்தைக் கண்ணுக்குள் தள்ளுகிறது. கண் அழுத்தம் 14 என்று இயல்பாக இருந்தும் கிளாக்கோமா (பார்வை நரம்பு சேதமாகும் நோய்) கூடிக்கொண்டே போனால், பிரஷர் மாத்திரையை எப்போது போடுகிறார் என்று கேளுங்கள். இரவில் போட்டால் சிலருக்குத் தூக்கத்தில் பிரஷர் அளவுக்கு மீறி இறங்கிவிடும். நேரத்தை நீங்களாக மாற்ற வேண்டாம். மாத்திரை எழுதிய மருத்துவரிடம் பேசுங்கள்.