வருஷத்த திரும்பிப் பார்க்கணுமா, மொதல்ல பழைய பில்ல எடுங்க

டிசம்பர் 31 ராத்திரி மொட்டமாடில நின்னுகிட்டு இந்த வருஷம் எப்படிப் போச்சுன்னு யோசிச்சவங்களுக்குத் தெரியும், ஒண்ணும் ஞாபகம் வராது. கடைசி ரெண்டு மாசம் வரும், அதுலயும் யார் மேல கோவமா இருக்கமோ அவங்க மொகம்தான் மொதல்ல வரும். நானும் நாலஞ்சு வருஷம் அப்படி யோசிச்சுப் பார்த்துட்டு, "பரவால்ல, ஏதோ போச்சு"ன்னு கீழ எறங்கி வந்தவன்தான். இந்த வருஷம் மட்டும் விட மனசு வரல. வேல மாறினேன், ஆறு வருஷம் கெடந்த திருவல்லிக்கேணி மேன்ஷன காலி பண்ணேன், கல்யாணம் ஆச்சு, மாடம்பாக்கத்துல வாடகைக்கு வீடு, எல்லாம் ஒரே வருஷத்துல. அதனால ஞாபகத்த ஓரமா வச்சுட்டு பில்லு, டிக்கெட், ஸ்டேட்மெண்ட் இதுகள மட்டும் எடுத்து வச்சுப் பார்த்தேன். எப்படிப் பண்ணேன்னு சொல்றேன், ரெண்டு சாயங்காலம் போதும்.

எப்ப உக்காரணும்னு கேட்டா, மார்கழி. முகூர்த்தம் கெடையாது, யாரும் வீடு மாற மாட்டாங்க, கல்யாணப் பத்திரிக்க தூக்கிட்டு யாரும் வீட்டுக்கு வர மாட்டாங்க, ஆபீஸ்லயும் பாதிப் பேர் லீவு. புது முடிவு எதையும் எடுக்கக்கூடாதுன்னு ஊரே ஒதுக்கி வச்ச மாசம், பழச நோண்டுறதுக்கு இத விட தோதா எது கெடைக்கும். கடைசி நாள் போகி, அதுக்குள்ள முடிச்சுருங்க, ஏன்னா போகி அன்னைக்கு வீட்டுல யாராவது ஒருத்தர் கண்ணுல பட்ட பேப்பரயெல்லாம் அள்ளி வெளிய போட்ருவாங்க.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக்கோங்க, மாசத்துக்கு ஒரு பக்கம். மேல ஜனவரி பிப்ரவரின்னு எழுதுங்க, ஸ்டேட்மெண்ட் எல்லாம் அப்படித்தான் வரும். ஆனா ஓரத்துல தை, மாசின்னும் சின்னதா எழுதி வைங்க. பேங்க்குக்கு ஜூலை, ஆனா நம்ம வீட்டுல "ஆடி வருது, அதுக்குள்ள வீட்டப் பாரு"ன்னுதானே முடிவு நடக்குது.

மொதல்ல பேங்க் ஸ்டேட்மெண்ட். வருஷம் முழுசுக்கும் டவுன்லோட் பண்ணிக்கோங்க, பிடிஎஃப்புக்கு பாஸ்வேர்டு என்னன்னு அந்த மெயில்லயே போட்ருப்பாங்க. மொத்தம் எவ்ளோ செலவாச்சுன்னு கூட்டாதீங்க, அப்புறம் நோட்ட மூடிட்டுப் படுத்துருவீங்க. பெரிய தொகையும் வேண்டாம், அதெல்லாம் உங்களுக்கே தெரியும். 12 ரூபா, 20 ரூபா, 45 ரூபா யூபிஐ என்ட்ரிகள மட்டும் பாருங்க, அதுலயும் ஒரே பேர் திரும்பத் திரும்ப வந்து திடீர்னு எங்க நிக்குதுன்னு பாருங்க. எனக்கு மேன்ஷனுக்குக் கீழ இருந்த டீக்கட பேர் தெனமும் ரெண்டு தடவ வந்துகிட்டே இருந்துச்சு, ஜூன் 17ஓட நின்னுருச்சு. மே மாசமே காலி பண்ணிட்டேன்னுதான் நான் எல்லார்ட்டயும் சொல்லிகிட்டு இருந்தேன். அந்த டீ மாஸ்டர்ட்ட போறேன்னு ஒரு வார்த்த சொன்னேனான்னு யோசிச்சேன், சொல்லல. ஆறு வருஷம் அவர் கையால குடிச்சிருக்கேன், அவர் பேரே ஸ்டேட்மெண்ட்ல பார்த்துதான் தெரியுது. இந்த மாதிரி நின்னுபோன என்ட்ரி ஒவ்வொண்ணையும் அந்தந்த மாசப் பக்கத்துல எழுதுங்க, புதுசா ஆரம்பிச்ச என்ட்ரியையும் எழுதுங்க (எனக்கு ஜூன் 20ல இருந்து தண்ணி கேன்காரர்).

அடுத்து வேல. கம்பெனி மாறினவங்களுக்கு ஒரு பிரச்சன, லேப்டாப்ப திருப்பிக் குடுத்த அன்னைக்கே பழைய மெயில், காலண்டர் எல்லாம் போயிரும், கையில ஒண்ணும் இருக்காது. அதுக்கு நான் கண்டுபிடிச்ச வழி சாப்பாட்டு ஆப். பழைய ஆர்டர்ல ராத்திரி 10 மணிக்கு மேல ஆபீஸ் அட்ரஸுக்கு எத்தன வந்துருக்குன்னு எண்ணுங்க. எனக்கு பிப்ரவரி ஆரம்பத்துல இருந்து மார்ச் பாதி வரைக்கும் 19 பிரியாணி. சம்பளம் கூட குடுத்தாங்க, அதான் மாறினேன்னு சொந்தக்காரங்க எல்லார்ட்டயும் சொல்லிருக்கேன், இந்த 19ஐ பாத்தப்புறம் அப்படிச் சொல்ல வாய் வரல. இதெல்லாம் எழுதும்போதே ரெண்டு விஷயத்த செக் பண்ணிருங்க. பிஎஃப் போர்ட்டல்ல பழைய கம்பெனி நீங்க வெலகுன தேதியப் போட்ருக்கான்னு பாருங்க, போடலன்னா கடைசியா பணம் கட்டுன மாசத்துல இருந்து 2 மாசம் கழிச்சு நீங்களே போட்டுக்கலாம், அது இல்லாம பணம் புது கணக்குக்கு மாறாது. இன்னொண்ணு, பழைய எடத்து சம்பளத்த அதுக்குன்னு இருக்குற ஃபார்ம்ல புது கம்பெனிக்குச் சொல்லிருங்க. சொல்லாம விட்டா ரெண்டு பேரும் தனித்தனியா வரிக் கழிவு குடுத்து கம்மியா புடிச்சுருப்பாங்க, ஜூலைல ரிட்டர்ன் போடும்போது மொத்தமா கட்டச் சொல்லும். வருஷத்த திரும்பிப் பாக்குறதுல எதுக்குடா வரின்னு கேக்காதீங்க, டிசம்பர்ல பாத்தாதான் மார்ச்சுக்குள்ள சரி பண்ண முடியும்.

இப்ப டிராவல். எல்லாரும் கேலரியத் தொறந்து மூணாறு போட்டோ பாப்பாங்க. வேண்டாம். டிக்கெட் ஹிஸ்டரிக்குப் போங்க, அதுலயும் போன டிக்கெட்ட விட கேன்சல் பண்ண டிக்கெட்ட பாருங்க. அங்க கெடைக்கலன்னா பேங்க் ஸ்டேட்மெண்ட்ல ரீஃபண்ட் வந்த வரிகளத் தேடுங்க, ஒவ்வொரு ரீஃபண்டும் நீங்க போறேன்னு சொல்லிட்டுப் போகாத ஒரு எடம். (மேப்ஸ் டைம்லைன் பாக்கலாம்னு சிலர் சொல்வாங்க, இப்ப அது போன்லயே இருக்குற மாதிரி மாத்திட்டாங்க, போன் மாத்தும்போது பேக்கப் எடுக்கலன்னா போச்சு, எனக்குப் போச்சு.)

இந்த எடத்துலதான் எனக்கு அடி விழுந்துச்சு. எங்க காதல் விஷயம் அவ (இப்ப என் பொண்டாட்டி) வீட்டுல தெரிஞ்சதும் அவள ஒர்க் ஃப்ரம் ஹோம் போடச் சொல்லி கும்பகோணத்துக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்க. அந்த நாலு மாசமும் நான் உழவன் எக்ஸ்பிரஸ்ல ராத்திரி எழும்பூர்ல ஏறி விடியக்காலைல எறங்கி, அவளப் பாத்துட்டு அன்னைக்கு ராத்திரியே திரும்பி வந்து, அப்படி உருகி உருகிப் போனவன்னு ஃபிரண்ட்ஸ்ட்ட கத கதையா சொல்லிருக்கேன். ஹிஸ்டரில பாத்தா போட்டது 7, போனது 3. மீதி 4ம் கேன்சல். தேதிய எடுத்து பிப்ரவரி, மார்ச் பக்கத்துல எழுதுனா பக்கத்துலயே அந்த பிரியாணி தேதி நிக்குது.

நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஊருக்குப் போனதும் இதே கததான், தீபாவளிக்கு 60 நாள் முன்னாடி காலைல 8 மணிக்கு அலாரம் வச்சு புக் பண்ணதுதான் ஒழுங்காப் போனது. மத்ததெல்லாம் கெளாம்பாக்கத்துல பஸ்ஸுக்கு நின்னதுதான், அதப் பத்தி எழுத ஒண்ணும் இல்ல, எல்லாருக்கும் தெரிஞ்ச கஷ்டம்.

காதல எப்படி திரும்பிப் பாக்குறது. சாட்ட மேல இருந்து கீழ படிக்காதீங்க, தயவுசெஞ்சு. நான் படிக்க ஆரம்பிச்சு ஏப்ரல் வர்றதுக்குள்ள முடிஞ்சுபோன சண்டைக்கு மறுபடி கோவம் வந்துருச்சு, அவ சமையக்கட்டுல தோச ஊத்திகிட்டு இருக்கா, நான் ஹால்ல மூஞ்சியத் தூக்கி வச்சுகிட்டு இருக்கேன். அதுக்குப் பதிலா இப்படிப் பண்ணுங்க. ஆளுக்கு ஒரு பேப்பர். இந்த வருஷத்துல முக்கியமான 10 நாள தனித்தனியா எழுதுங்க, போன் பாக்கலாம், ஒருத்தர ஒருத்தர் கேக்கக்கூடாது. அர மணி நேரம். அப்புறம் பேப்பர மாத்திக்கோங்க, வாங்குன ஒடனே பேசாதீங்க, முழுசா படிங்க, ரெண்டு பேப்பர்லயும் இருக்குற நாள அடிச்சுருங்க. மிச்சம் நிக்குறதுதான் பேச வேண்டியது.

எங்களுக்கு அடிபட்டது மூணே மூணு, கல்யாணம், அவ சென்னைக்குத் திரும்பி வந்த நாள், எங்க அப்பா சரின்னு சொன்ன ஆடிப்பெருக்கு. அவ பேப்பர்ல மிச்சம் இருந்த ஏழுல ஒண்ணு: "மார்ச் ரெண்டாவது சனி. மகாமகக் குளம் படிக்கட்டு. ரெண்டு மணி நேரம்." அவ்ளோதான் எழுதிருந்தா. அந்த வெள்ளிக்கெழம நான் டிக்கெட் கேன்சல் பண்ணதுக்கு ரீஃபண்ட் என் நோட்டுல இருக்கு. மெசேஜ் போட்டேன்னு ஞாபகம், பாத்தா போடவே இல்ல, மறுநாள் மத்தியானம்தான் போட்ருக்கேன், "சாரி, ஆபீஸ்ல ரிலீஸ்"னு. நான் ஒண்ணும் சொல்லல. அவளும் இப்ப அது பெரிய விஷயம் இல்லன்னுட்டா, ஆனா பத்து நாள்ல ஒண்ணா எழுதிருக்காளே.

இன்னொண்ணு: "ஜூலை 6, உங்க அம்மா போன் பண்ணாங்க."

எனக்கு இது தெரியவே தெரியாது. எங்க வீட்டுல யாரும் ஒத்துக்கலன்னு மாசக்கணக்கா சண்ட போட்டு, ஆடி 18க்கு ஊருக்குப் போயி அப்பாட்ட நேருக்கு நேர் பேசி நான்தான் ஜெயிச்சுட்டு வந்தேன்னு நெனச்சுகிட்டு இருந்தேன், என் பேப்பர்ல அதுக்கு ஸ்டார் வேற போட்ருந்தேன். அதுக்கு நாலு வாரம் முன்னாடியே அம்மா அவ நம்பர எங்கயோ புடிச்சு பேசிருக்காங்க. என்ன பேசுனாங்கன்னு கேட்டேன். "ஏம்மா, அவன் ராத்திரி ஒழுங்கா சாப்புடுதானா"ன்னு கேட்டாங்களாம், வேற ஒண்ணும் இல்ல, வச்சுட்டாங்களாம். ஏன் எங்கிட்ட சொல்லலன்னு கேட்டதுக்கு, "உங்க அம்மா சொல்லாதன்னு சொன்னாங்க, இப்ப நீ லிஸ்ட் கேட்ட, எழுதுனேன்"ங்குறா.

கடைசியா வீடு. இதுக்கு பெரிய வேல இல்ல, மூணு பேப்பர் போதும். கேஸ் பில்ல பாருங்க, ஒரு சிலிண்டர் எத்தன நாள் வந்துருக்குன்னு கணக்கு போட்டா வீட்டுல என்ன நடந்துச்சுன்னு தெரியும். எனக்கு மொத சிலிண்டர் 95 நாள், நான் மட்டும் இருந்து காப்பியும் நூடுல்ஸும் போட்ட காலம். ரெண்டாவது 41 நாள், கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு பக்கத்து சொந்தமும் மாத்தி மாத்தி வந்துட்டுப் போன காலம். அப்புறம் வாடக அக்ரிமெண்ட், அது 11 மாசம்தான், செட்டில் ஆயிட்டோம்னு சொல்லிக்க நம்ம கையில இருக்குற ஒரே ஆதாரமே அடுத்த மே மாசத்தோட முடியுது, அதனால முடியுற தேதிய நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதிருங்க, அட்வான்ஸ் எவ்ளோ குடுத்தீங்கன்னும் எழுதுங்க.

மூணாவது கல்யாண சர்டிபிகேட். தமிழ்நாட்டுல 2009ல வந்த சட்டப்படி எந்த மதமா இருந்தாலும் கல்யாணத்த 90 நாளுக்குள்ள பதிவு பண்ணனும், விட்டா கூடுதல் கட்டணத்தோட 150 நாள் வரைக்கும் டைம். எங்களுது ஆவணி கடைசி முகூர்த்தம். மண்டபத்துக்காரரு பாத்துப்பாருன்னு நான் நெனச்சேன், நான் பாத்துப்பேன்னு அவ நெனச்சா, நோட்டுல தேதி எண்ணிப் பாத்தா அன்னைக்கு 101ஆவது நாள். மறுநாளே பத்திரிக்கை, போட்டோ, ஆதார் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டாச்சு. இந்த ஒண்ணுக்காகவாவது புதுசா கல்யாணம் ஆனவங்க உக்காந்து பாத்துருங்க.

போகிக்கு முன்னாடி ஒரு வேல பாக்கி இருக்கும். கடைல குடுக்குற அந்த வழவழ பேப்பர் பில்லு, ஏடிஎம் சீட்டு இதெல்லாம் சூட்டுல அச்சாகுற பேப்பர், சில மாசத்துலயே எழுத்து மங்கிரும். வேணுங்குறத இப்பவே போட்டோ எடுத்து வச்சுருங்க. நான் லேட்டு. ஜூன் மாசம் பால் காய்ச்சுறதுக்கு அம்மா மட்டும் ஊர்ல இருந்து வந்தாங்க, அவளப் பத்தி ஒரு வார்த்த பேசல, நானும் பேசல, ரெண்டு பேரும் தாம்பரம் மார்க்கெட் போயி சாமான் வாங்கிட்டு வந்தோம். அந்த பில்ல பத்திரமா பர்ஸ்ல வச்சுருந்தேன், இப்ப எடுத்துப் பாத்தா வெறும் வெள்ளப் பேப்பர். கூட மடிச்சு வச்சுருந்த அம்மாவோட சீட்டு மட்டும் பேனால எழுதுனதால அப்படியே இருக்கு. கல்லுப்பு, மஞ்சள், சீனி, தீப்பெட்டி, விளக்குத்திரி, எவர்சில்வர் தட்டு 2.